கயிறு தளரும் நொடி: குதிரை பழக்குவது பற்றி வாசகர்கள் கேட்டவை

போன இதழில், குதிரையை அடிக்காமலும் மிரட்டாமலும் பழக்குவது பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குதிரை வைத்திருப்பவர்கள், சவாரி கற்றுக்கொண்டிருப்பவர்கள், ஆசையோடு வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை பதில் தந்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று சும்மாவா சொன்னார்கள்? 500 கிலோ எடையுள்ள மிருகத்தைத் தடவிக்கொடுத்தே வழிக்குக் கொண்டுவரலாம் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடாதா?

பதில்: முதலில் அந்த 500 கிலோவையே எடுத்துக்கொள்வோம். பலத்தில் அதை ஜெயிக்க யாராலும் முடியாது. அடித்து அடக்கிவிட்டேன் என்று நினைப்பவரும் பயத்தை வைத்துத்தான் அடக்கியிருக்கிறார். சரி, அதைவிடப் பெரிய பயம் ஒன்று திடீரென்று எதிரே வந்து நிற்கிற நாளில் அவருடைய சாட்டை எந்த மூலைக்கு? குதிரை என்பது ஆபத்து என்றால் ஓடிப் பிழைத்த இனம். குட்டி பிறந்த ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது, அன்றைக்கே தாயோடு ஓடவும் செய்கிறது. அப்படிப்பட்ட உடம்புக்கு அடி என்பது 'ஓடு' என்கிற ஒரே செய்தியைத்தான் சொல்லும். நாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடவும் விடமாட்டோம், அடியையும் நிறுத்தமாட்டோம் என்றால் அது உதைக்கும், கடிக்கும், இல்லையென்றால் உள்ளுக்குள் ஒடுங்கிப்போகும். இதில் எதையும் பழக்கம் என்று என்னால் சொல்ல முடியாது.

தடவிக்கொடுத்தால் மட்டும் போதும் என்றும் நான் எழுதவில்லை. தலைக்கயிறு போட்ட குதிரையை ஓர் அடி முன்னால் வரவைப்பது எப்படி என்று பாருங்கள், மொத்த விஷயமும் அதில் இருக்கிறது. எதிரே நின்று இழுக்காதீர்கள், தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்குகிற அளவுக்கு மட்டும் இழுப்புக் கொடுங்கள். குதிரை முதலில் தலையைத் தூக்கும், பின்னுக்கு இழுத்துப் பார்க்கும், பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பும். நீங்கள் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம், அதே அளவில் காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் அதன் எடை முன்னுக்கு மாறும். கால் எடுத்துக்கூட வைத்திருக்காது, தோள் மட்டும் லேசாகச் சாயும். அந்த நொடியில் கயிற்றை முழுசாகத் தளர்த்திவிடுங்கள். அவ்வளவுதான் பாடம். கொஞ்சம் மூச்சு விடவிட்டு மறுபடி கேளுங்கள். நாலாவது ஐந்தாவது தடவையில் கயிறு நிமிர்வதற்கு முன்பே காலை எடுத்துவைக்கும்.

இழுப்பு, 'ஏதாவது செய்து பார்' என்று கேட்கிறது. எது சரி என்பதை அந்தத் தளர்வுதான் சொல்கிறது. குதிரை தான் செய்ததையும் அதன் பலனையும் முடிச்சுப் போட நமக்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு நொடிகள்தான். அது பின்னுக்கு இழுக்கும்போது கை வலிக்கிறதே என்று நீங்கள் விட்டுவிட்டால், பின்னுக்கு இழுத்தால் விடுதலை கிடைக்கும் என்று சத்தியமாகக் கற்றுக்கொள்ளும். நீங்கள் சொல்கிற 'தலைக்கு மேல் ஏறும்' குதிரைகளில் நான் பார்த்த பெரும்பாலானவை இப்படித் தப்பான நேரத்தில் விட்டதால் உருவானவைதான். பாவம், அன்பின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே ஸெனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் இதை எழுதி வைத்திருக்கிறார். குதிரையிடம் ஒருநாளும் கோபத்தோடு நடந்துகொள்ளாதே என்கிறார். வற்புறுத்திச் செய்யவைப்பது ஒரு நடனக்காரரைச் சாட்டையால் அடித்து ஆடவைப்பது மாதிரி, அதில் புரிதலும் இருக்காது, அழகும் இருக்காது என்கிறார். போர்க்களத்தில் குதிரையை நம்பித் தன் உயிரையே வைத்தவர் சொன்னது. நீங்கள் ஒரு பழமொழி சொன்னீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன்: ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற.

கேள்வி: என் குதிரை லாயத்தில் சாதுவாக இருக்கும். மேய்ச்சலுக்கு விட்டால் அவ்வளவுதான், தலைக்கயிற்றோடு என்னைப் பார்த்ததும் மறுகோடிக்கு ஓடிவிடும். தினமும் அரைமணி நேரம் துரத்த வேண்டியிருக்கிறது.

பதில்: துரத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். ஓட்டத்தில் அதை ஜெயிக்க முடியாது என்பது ஒரு காரணம். நீங்கள் துரத்தத் துரத்த, 'இந்த மனிதர் வந்தால் ஓட வேண்டும்' என்கிற பாடம் தினமும் அரைமணி நேரம் நடக்கிறது என்பது அதைவிட முக்கியமான காரணம்.

என்னிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை இருந்தது. மூன்று கை மாறி என்னிடம் வந்தது, மனிதர் வாசனையே ஆகாது. முதல் நாள் நான் அடைப்புக்குள் போய் அதை நேராகப் பார்க்காமல், அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு நடந்தேன். சுமார் முப்பது அடியில் அதன் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. இருபது அடியில் புல்லை மெல்லுவதை நிறுத்தியது, வாயில் புல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் ஓடியிருக்கும். நான் அங்கேயே நின்றேன். கைகளைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று நினைவில்லை, முதுகு வலித்தது. கடைசியில் அது தலையைக் கொஞ்சம் தாழ்த்தி மறுபடி மெல்லத் தொடங்கியது. உடனே நான் திரும்பி வெளியே போய்விட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்திருக்கும். ஆனால், அது அமைதியாக நின்றது, அந்தப் பயமுறுத்துகிற உருவம் தானே விலகிப் போனது. அதற்கு எவ்வளவு பெரிய செய்தி!

இப்படியே நெருங்குவதும் விலகுவதுமாகப் போனது. சில நாட்கள் முன்னேற்றம், ஒருநாள் மழை பெய்து இடி இடித்ததும் பழையபடி இருபது அடி. ஒன்பதாவது நாள் நான் விலகித் திரும்பி நடந்தபோது பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன். என் முழங்கைக்குப் பின்னால் சூடாக மூச்சு பட்டது. எத்தனையோ குதிரைகளோடு வேலை செய்திருக்கிறேன், அந்த மூச்சை இன்னும் மறக்கவில்லை.

தொடும் தூரத்துக்கு வந்தபின் முகத்தில் கைவைக்கப் போகாதீர்கள். நெற்றிக்கு நேர் எதிரே, மூக்குக்கு அருகில் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. சுற்றிலும் கிட்டத்தட்ட 350 பாகை பார்க்கிற கண்கள்தான், ஆனாலும் நேர் முன்னால் கொஞ்சமும் நேர் பின்னால் கொஞ்சமும் குருட்டு இடம். தோள் பக்கமாகப் போய், பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் கோதிக்கொள்வது அங்கேதான். அந்த இடத்தைச் சொறியும்போது இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993இல் வெளியான ஆய்விலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். தட்டிக்கொடுப்பதைவிடச் சொறிவது நல்லது, பட்பட் என்று கழுத்தில் அறைவது நமக்குத்தான் பாராட்டு.

உங்கள் குதிரைக்கு வருகிறேன். லாயத்தில் சாதுவாக இருக்கிறது என்றால் உங்கள் மேல் பயம் இல்லை, தலைக்கயிறு வந்தால் மேய்ச்சல் முடிந்தது, வேலை ஆரம்பம் என்ற கணக்குதான். அந்தக் கணக்கை மாற்றுங்கள். ஒரு வாரம் போய்ப் பிடியுங்கள், சொறிந்துவிடுங்கள், கயிற்றை மாட்டுங்கள், உடனே கழற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். பத்து தடவையில் எட்டு தடவை அப்படி இருக்கட்டும்.

கேள்வி: குதிரை பயந்திருக்கிறதா, அமைதியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஓய்வாக இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை வரை துடிக்கும். ஆனால் அதை எண்ணும் அளவுக்குப் போகவேண்டியதில்லை, கண்ணுக்கு மேலே பாருங்கள். அமைதியாக இருந்தால் அங்கே தோல் வழவழப்பாக இருக்கும், பதற்றம் என்றால் சுருங்கி முக்கோணமாகத் தெரியும். மூக்குத்துளை விறைத்து விரிவது, மோவாய் இறுகுவது, வால் உடம்போடு ஒட்டிக்கொள்வது, கழுத்து கம்பு மாதிரி நிமிர்வது எல்லாம் பயத்தின் அடையாளம். அமைதி வந்தால் கீழுதடு தளரும், தலை தாழும், பெருமூச்சு விடும்.

இரண்டு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நக்கிக்கொண்டு வாயை மெல்லுவதைப் 'பணிந்துவிட்டது, புரிந்துகொண்டது' என்று பலர் சொல்வார்கள். உண்மையில் பதற்றமான ஒன்று முடிந்து உடம்பு இளகும்போதுதான் அது பெரும்பாலும் வருகிறது. அதாவது, அதற்குச் சற்று முன்புவரை குதிரை இறுக்கத்தில் இருந்திருக்கிறது. அப்புறம், அசையாமல் நிற்பதெல்லாம் அமைதி இல்லை. கண் இமைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற குதிரை வெடிக்கப் போகிற குதிரை.

கேள்வி: வட்டமான அடைப்புக்குள் ஒரு முரட்டுக் குதிரையை விட்டு, ஒரு மணி நேரத்தில் சேணம் போட்டு ஏறிக் காட்டுகிறார்களே. உங்கள் முறைக்கு ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

பதில்: இந்த ஒருமணி நேர வித்தைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜான் சாலமன் ரேரி என்ற அமெரிக்கர் 1858இல் இங்கிலாந்து போய், 'க்ரூஸர்' என்ற, யாரும் கிட்டே போக அஞ்சிய ஆண்குதிரையைச் சில மணி நேரத்தில் அடக்கிப் பெரும்புகழ் பெற்றார். விக்டோரியா மகாராணி முன்னிலையிலும் செய்து காட்டினார். அவர் முறை இதுதான்: முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டிவிடுவார், குதிரை மூன்று காலில் தள்ளாடி, களைத்து, கடைசியில் படுத்துவிடும். அதன்பின் அடிக்காமல், உடம்பு முழுக்கத் தடவி, அன்பாகப் பேசிப் பயம் தெளியவைப்பார். சாட்டையும் பட்டினியும்தான் வழி என்றிருந்த காலத்தில் அவர் உண்மையிலேயே கருணையுள்ளவர், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால், கீழே சாய்க்கப்பட்ட குதிரைக்கு அந்த நேரத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடிப் பிழைக்கிற பிராணி படுத்துக் கிடக்கிறது என்றால், இனி தப்ப வழியில்லை என்று கைவிட்டுவிட்டது.

வட்ட அடைப்பிலும் அந்த ஆபத்து இருக்கிறது. மூலையில்லாத இடத்தில் குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அது களைத்து நம் பக்கம் திரும்பினால் அழுத்தத்தை விடுவது, நல்ல கைகளில் அது பலன் தருகிறது. காது திரும்பிய முதல் நொடியிலேயே விடத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட ஓட்டம் போதும். அது தெரியாதவர் கையில், வியர்த்து நுரை தள்ளி, வேறு போக்கிடம் இல்லாமல்தான் குதிரை அவரிடம் வருகிறது. பார்க்கிற கூட்டம் கைதட்டுகிறது. அதே அடைப்பை நான் இளவயதில் வேலை பார்த்த இடத்திலும் பார்த்தேன், அங்கே பழக்கிய குதிரைகள் ஏறினால் நகரும், இறங்கினால் நிற்கும், யாரையும் எதையும் நிமிர்ந்து பார்க்காது. 'எவ்வளவு நல்ல குதிரை' என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் கண்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மாடு மேய்க்கும் பண்ணைகளில், துள்ளுகிற குதிரை ஓய்கிறவரை மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் பழக்கம் என்றிருந்த அமெரிக்க மேற்கிலிருந்தே, டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் போன்றவர்கள் 20ஆம் நூற்றாண்டில் வேறு பாதை போட்டார்கள். குதிரையின் பக்கத்திலிருந்து பார், சரியானதைச் செய்ய அதற்குச் சுலபமாக்கிக் கொடு, அதன் நேரத்தை அதற்குக் கொடு என்றார்கள். நரியைப் பரியாக்கிய கதை நமக்கெல்லாம் தெரியும். ஒரே பொழுதில் வந்த அந்தப் பரிகள் ராத்திரியோடு ராத்திரியாக நரிகளாகத் திரும்பிவிட்டன இல்லையா? ஒரு மணி நேரத்தில் ஏறிக் காட்டிய குதிரையை அடுத்த வாரம் வேறொருவர் தன் வீட்டில் எப்படிப் பார்க்கிறார் என்பதை யாரும் மேடையில் காட்டுவதில்லை.

கேள்வி: தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் குதிரை கெட்டுப்போகும் என்கிறார்கள். என் குதிரை பையைக் கடித்துப் பார்க்கிறது, அப்போது அவர்கள் சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது.

பதில்: பையைக் கடித்தபோது நீங்கள் ஏதாவது எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். பையைக் கடித்தால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டது, நன்றாகவே கற்றுக்கொண்டது! அதே புத்தியை வைத்தே சரிசெய்யலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் குதிரை. பையில் ஒரு கை தீனி வைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் முட்டும், உதட்டால் துழாவும், கண்டுகொள்ளாதீர்கள், தள்ளவும் வேண்டாம். சலித்துப்போய் முகத்தை ஒரு விரல்கடை அந்தப் பக்கம் திருப்பும். அந்த நொடியில் நாக்கால் ஒரு 'டக்' சத்தம், உடனே தீனி. அதன் வாய்க்குப் பக்கத்தில், உங்களிடமிருந்து தள்ளி, கையை நீட்டிக் கொடுங்கள். பத்துப் பதினைந்து தடவைக்குள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிடும். க்ளிக்கர் என்று சின்னக் கருவி விற்கிறது, அதுவும் இந்த 'டக்' சத்தத்துக்குத்தான். 'நீ இப்போது செய்தாயே, அதற்குத்தான்' என்று அந்தச் சத்தம் நொடி பிசகாமல் சொல்லிவிடும், தீனி அப்புறம் வந்தாலும் பரவாயில்லை.

பரிசு கொடுத்துப் பழக்குவதில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் போர்வை போர்த்துவார்கள், இன்னொன்றைத் தொட்டால் எடுத்துவிடுவார்கள், மூன்றாவது 'இருக்கிறபடி இருக்கட்டும்'. தினமும் சில நிமிடப் பயிற்சிதான், இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டன. குளிரும் மழையுமான நாளில் போர்வை கேட்டன, வெயில் நாளில் எடுக்கச் சொல்லின. 2016இல் இது வெளியானது. படித்துவிட்டு அன்று சாயங்காலம் லாயத்துக்குப் போனேன், ஒவ்வொரு குதிரையாகப் பார்த்து, நீ என்னிடம் என்ன கேட்க நினைத்தாயோ என்று ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

கேள்வி: ஆறு வருடமாக அருமையாக இருந்த குதிரை இரண்டு மாதமாகச் சேணம் போட்டாலே கடிக்க வருகிறது, ஏறினால் முதுகை வளைத்துத் துள்ளுகிறது. திமிர் வந்துவிட்டது, நாலு போடு போடுங்கள் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். இதைப் படித்து முடித்ததும் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நல்ல குதிரை திடீரென்று மாறினால் முதல் சந்தேகம் வலி, இரண்டாவது சந்தேகமும் வலிதான். கடைவாய்ப் பல் விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். முதுகுத் தசை வீங்கியிருக்கலாம். வயிற்றில் புண் இருக்கலாம், வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவதற்கு அது பொதுவான காரணம். குளம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சேணத்தை நீங்களே பாருங்கள். சவாரி முடிந்து கழற்றியதும் முதுகில் வியர்வை ஒரே சீராகப் படிந்திருக்கிறதா, நடுவில் எங்காவது காய்ந்த திட்டு இருக்கிறதா? சுற்றிலும் ஈரமாக இருந்து அங்கே மட்டும் காய்ந்திருந்தால் அந்த இடத்தைச் சேணம் அழுத்திக்கொண்டிருக்கலாம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள், எங்கே தோல் சிலிர்த்து முதுகு கீழே இறங்குகிறது என்று கவனியுங்கள். ஆறு வருடத்தில் குதிரையின் உடல்வாகு மாறியிருக்கும், சேணம் அதேதானே? மூக்குப்பட்டையையும் பாருங்கள், மூக்கெலும்பின் மேல் பட்டைக்குக் கீழே பெரியவர் விரல் இரண்டு தாராளமாக நுழைய வேண்டும். வாயைத் திறக்கவிடாமல் இறுக்கிக் கட்டினால், வலிக்கிறது என்று சொல்ல அதற்கிருந்த ஒரு வழியையும் அடைத்துவிடுகிறோம்.

இரண்டு மாதமாகக் கடிக்க வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பு காதை மடித்திருக்கும், வாலைச் சுழற்றியிருக்கும், சேணத்தைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். கேட்க ஆளில்லாததால்தான் குரலை உயர்த்தியிருக்கிறது.

கேள்வி: குடை, பிளாஸ்டிக் பை, காற்றில் ஆடும் துணி எதைப் பார்த்தாலும் மிரள்கிறது. எப்படிப் பழக்குவது?

பதில்: அலெக்சாண்டரும் புசிபலஸும் கதை ஞாபகம் இருக்கிறதா? எவரையும் ஏறவிடாத குதிரை தன் நிழலைப் பார்த்து மிரள்கிறது என்று அந்தச் சிறுவன் கண்டுபிடித்தான், சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, தடவிக்கொடுத்து, அப்புறம் ஏறினான் என்று பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் பிடித்தது அவன் ஏறியது இல்லை. பெரியவர்கள் எல்லாம் குதிரையின் குணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்த்தான்.

பையைக் கொண்டுபோய் முகத்துக்கு எதிரே ஆட்டி, பழகுகிறவரை ஆட்டிக்கொண்டே இருப்பது வேண்டாம். ஒருவர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போகட்டும், நீங்கள் குதிரையை அதன் பின்னால் தூரமாகக் கூட்டிப் போங்கள். விலகி ஓடுகிற ஒன்று பின்தொடரத் தூண்டும், பயமுறுத்தாது. அதுவாகவே எட்டு எடுத்து நெருங்கும். நெருங்கி நின்று மோந்து பார்க்க விரும்பினால் பை அசையாமல் இருக்கட்டும். பிறகு லேசான சரசரப்பு, காதைத் திருப்பி அமைதியாக நின்ற நொடியில் சரசரப்பு நிற்க வேண்டும். பயப்படும்போது நிறுத்தினால் பயந்தால் போய்விடும் என்றாகிவிடும், அதனால் பயப்படாத அளவிலேயே தொடங்குங்கள். இன்னொன்று, இடது கண் பக்கம் பழகியதை வலது பக்கமும் முதலிலிருந்து காட்டுங்கள். ஒரு பக்கம் பார்த்துப் பழகிய பொருளுக்கு மறுபக்கம் மிரள்கிற குதிரைகள் நிறைய.

குடை என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஸ்வீடனில் செய்தார்கள், 2009இல் வெளியானது. ஆட்களைக் குதிரையோடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டு, நாலாவது தடவை போவதற்கு முன் 'இந்த முறை குதிரை கடக்கும்போது குடையை விரிக்கப் போகிறோம்' என்று ஆட்களிடம் மட்டும் சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனால் பயந்த ஆளின் இதயத்துடிப்பு ஏறியது, கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. அதனால் 'ஐயோ, அந்தத் துணி வருகிறதே' என்று உங்கள் கை கயிற்றை இறுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். மூச்சை நன்றாக வெளியே விடுங்கள். தோளைத் தளர்த்துங்கள். துணியைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்த்து நடங்கள்.

கேள்வி: குட்டி பிறந்து பத்து நாள் ஆகிறது. எப்போது பழக்கத் தொடங்கலாம், எப்போது ஏறலாம்?

பதில்: பழக்கத்தைத் தாயிடமிருந்து தொடங்குங்கள். குட்டி பிறந்த முதல் சில நாட்கள் தாய்க்குதிரையை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிட்டவர்களிடம், குட்டிகள் பின்னாளில் தாமாகவே நெருங்கின என்று பிரான்ஸில் செய்த ஆய்வு (2005) காட்டியது. குட்டியை அவர்கள் தொடவே இல்லை. பிறந்த உடனேயே குட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் தேய்த்தால் ஆயுளுக்கும் பயம் வராது என்று ஒரு முறை பிரபலமாக இருந்தது, பின்னால் செய்த ஆய்வுகளில் அப்படி நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. நீங்கள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொறிந்துகொண்டிருங்கள், குட்டி வந்து உங்கள் சட்டையை மோந்து பார்க்கட்டும். குட்டிக்கு அரிப்பு எடுக்கிற இடம் தெரிந்துவிட்டால் நீங்கள்தான் அதன் சிநேகிதர். கால் தூக்கிக் காட்டுவது, தலைக்கயிறு எல்லாம் சில நிமிடப் பாடமாகப் போகட்டும்.

ஏறுவதற்கு அவசரமே வேண்டாம். கால் எலும்புகளைவிட முதுகெலும்பு முற்ற நாளாகிறது, ஐந்து வயது தாண்டியும் வளர்ச்சி முடியாமல் இருக்கும். உயரம் வந்துவிட்டது என்று இரண்டு வயதில் ஏறுவது எனக்குச் சம்மதமே இல்லை.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. குதிரை மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அன்பாகப் பழகினால் ஆபத்து இல்லைதானே?

பதில்: ஆபத்து உண்டு. எவ்வளவு அன்பான குதிரையும் மிரண்டால் நம் மேல் ஏறி ஓடும், அதற்கு அந்த நேரத்தில் நம்மைத் தெரியாது. தலைக்கவசம் இல்லாமல் பக்கத்தில் போகவேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னால் போக வேண்டியிருந்தால் பேசிக்கொண்டே, ஒரு கையை அதன் உடம்பில் வைத்து ஒட்டியபடி போகட்டும், இல்லையென்றால் உதை எட்டாத தூரம் சுற்றிப் போகட்டும். பெரியவர் ஒருவர் எப்போதும் கூட இருங்கள். அவள் தேய்த்துவிடட்டும், குளம்பைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளட்டும், காதைப் பார்த்துக் கதை சொல்லட்டும். பத்து வயதில் காதைப் படிக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் இருபது வயதில் பிரமாதமான கையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெயர் வேண்டாம். போன மாதம் என் குதிரை, அதை ஏற்றிப்போக வந்த வண்டியில் ஏற மறுத்தது. நேரமாகிவிட்டது, சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபத்தில் கயிற்று முனையால் முகத்தில் அடித்துவிட்டேன். இப்போது கையைத் தூக்கினாலே தலையை வெட்டி இழுக்கிறது. அது என்னை மன்னிக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நானும் அடித்திருக்கிறேன், அடிப்பதுதான் வேலை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வயதில். அதனால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

மன்னிப்பு என்று அதனிடம் ஒன்று இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. ஞாபகம் இருக்கிறது. கெட்டதும் தங்கும், நல்லதும் தங்கும். பரிசு கொடுத்துப் பழக்கப்பட்ட இளம் குதிரைகள் பல மாதம் கழித்தும் அந்த அனுபவத்தை மறக்காமல் மனிதர்களை ஆவலாக நெருங்கின என்று 2010இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆகவே உங்கள் கையைப் பற்றிய புது ஞாபகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், பழையதை அழிக்கப் பார்க்காதீர்கள்.

வண்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நாளைக் காலை கயிறு இல்லாமல் போங்கள், கையில் எதுவும் வேண்டாம். தோள் பக்கம் நின்று, கையை இடுப்பு உயரத்துக்கு மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். தலையை இழுக்கிறதா? அப்படியானால் அது அதிகம், அடுத்த தடவை அதில் பாதி. தலையை இழுக்காத உயரம் எதுவோ அங்கே நிறுத்தி, காது தளர்ந்ததும் கையை இறக்கி, பிடரி மேட்டில் சொறிந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். மறுநாள் ஒரு விரல்கடை உயரம் கூட்டிப் பாருங்கள். கன்னம்வரை கை போய், அது கண்ணை மூடாமல் நிற்கிற நாளில் எனக்கு எழுதுங்கள், வண்டி ஏற்றுவதைப் பற்றி அப்போது பேசலாம்.